ஜன்னல் இல்லாத பாத்ரூமுக்கு எக்ஸாஸ்ட் குழாய் போடுவது எப்படி?

வேலூரில் எக்ஸாஸ்ட் ஃபேன் என்று பேச்செடுத்தால் பலர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "இந்த வெயிலுக்கு எந்த ஈரம் நிக்கும்? தானா காஞ்சிடும்." மொட்டை மாடியில் போட்ட துணிக்கு அது சரி. வீட்டின் நடுவே, நாலு பக்கமும் சுவராக இருக்கிற பாத்ரூமுக்கு வெளியே அடிக்கும் வெயிலால் ஒரு பயனும் இல்லை. மே மாதத்தில்கூட அதன் மேல் மூலைகளில் கறுப்பாகப் பூசணம் பிடித்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். கதவின் அடிப்பகுதி ஊறி உப்பும், ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் ஜிப்சம் பலகை தொய்யும், அடுத்த அறையில் பீரோவுக்குப் பின்னால் சுவர் பெயின்ட் உரியும்.

கொசப்பேட்டை, சைதாப்பேட்டை, வேலப்பாடி போன்ற பழைய பகுதிகளில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் நிறைய. வெளிக்காற்று முன்வாசலிலும் கொல்லையிலும்தான். ஒரு காலத்தில் குளியலறை கொல்லையில் இருந்ததால் அது பிரச்சினையாகவே இல்லை. இப்போது படுக்கையறைக்குள் ஒன்று, மாடிப்படிக்கு அடியில் ஒன்று என்று பாத்ரூம்கள் உள்ளே வந்துவிட்டன. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி வாடகைக்கு விடும் அறைகளில் இதைவிட நெருக்கடி. ஒரே தளத்தைத் தடுத்துத் தடுத்து, ஒவ்வோர் அறைக்கும் ஓர் அட்டாச்டு பாத்ரூம் வைத்திருப்பார்கள். இப்படிப்பட்ட இடங்களுக்கு ஃபேன் மட்டும் போதாது. ஈரக்காற்றை வெளியே கொண்டுபோய் விட ஒரு குழாய் வேண்டும்.

பெரும்பாலோர் முதலில் கடைக்குப் போய் ஃபேனை வாங்கி வந்துவிடுகிறார்கள். குழாயை எங்கே விடுவது என்ற யோசனை அப்புறம்தான் வருகிறது. நான் சொல்வது அதற்கு நேர் எதிர் வரிசை: காற்று வெளியேறும் வாயை முதலில் முடிவு செய்யுங்கள், அடுத்து குழாயின் பாதை, ஃபேன் கடைசி. பாதை தெரியாமல் எந்த ஃபேன் சரி என்று யாராலும் சொல்ல முடியாது.

உங்கள் பாத்ரூமின் ஒரு சுவராவது வெளிச்சுவராக இருந்தால் குழாய் வேலையே வேண்டாம். வென்டிலேட்டரில் 6 இன்ச் ஃபேன் ஒன்றை வைத்தால் முடிந்தது. ஒரே ஒரு எச்சரிக்கை: ஃபேனுக்குப் பக்கத்திலேயே கண்ணாடிப் பட்டைகளைத் திறந்து வைக்காதீர்கள். அந்த இடுக்கில் நுழையும் காற்றையே ஃபேன் இழுத்து வெளியே தள்ளும், உள்ளே இருக்கும் ஈரம் அப்படியே நிற்கும். மீதி இடத்தை அக்ரிலிக் ஷீட் வைத்து அடைத்துவிடுங்கள்.

வெளிச்சுவர் இல்லாதவர்கள் மேலே படியுங்கள்.

முதலில் வீட்டுக்கு வெளியே

ஒரு டேப்பும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். காற்று எங்கே போய் விழலாம், எங்கே விழக்கூடாது என்று பாருங்கள்.

கொல்லைப்புறச் சுவர் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. மாடிப்படி வளைவு, சன்ஷேடுக்குக் கீழ்ப்பகுதி, சொந்த சந்து ஆகியவையும் சரி. பக்கத்து வீட்டோடு சேர்ந்த பொதுச் சுவரைத் தொடவே தொடாதீர்கள். உங்கள் சொந்தச் சுவராக இருந்தாலும் அதன் வாய் பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னலைப் பார்த்து இருந்தால், ஃபேன் ஓடும் ஒவ்வொரு நாளும் ஒரு சண்டை. எந்த ஜன்னலிலிருந்தும் மூன்றடியாவது தள்ளி இருக்கட்டும். ஏசி வெளிப்பெட்டியின் பின்பக்கம், தண்ணீர் டேங்கின் மூடி ஓரம், மாடியில் வடகம் காயப்போடும் இடம் இவையும் வேண்டாம்.

மாடி வீடுகளில் குழாய்கள் இறங்குவதற்காக விடும் சந்துக்குக் கட்டடக்காரர்கள் 'டக்ட்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பாத்ரூம் அதை ஒட்டி இருந்தால் அங்கே விடலாம், ஆனால் முதலில் மொட்டை மாடிக்கு ஏறி அதன் தலையைப் பாருங்கள். மழைத்தண்ணீர் வராமல் இருக்கவும் புறாத் தொல்லைக்கும் பலர் அதை ஷீட் போட்டு மூடிவிடுவார்கள். மூடிய சந்தில் நீங்கள் தள்ளும் காற்று மேல் மாடிக்காரரின் வென்டிலேட்டர் வழியாக அவர் வீட்டுக்குள் போகும், அவர் தள்ளுவது உங்களிடம் வரும். ஷீட்டைச் சுவரிலிருந்து ஓரடி தூக்கிப் பொருத்தி, சுற்றிலும் வலை அடித்தால் மழையும் வராது, காற்றும் போகும். அதற்கு வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால் உங்கள் குழாயை மட்டும் அந்தச் சந்து வழியாகவே மேலே கொண்டுபோய் மாடி மட்டத்துக்கு மேல் விடுங்கள்.

இனி, காற்றை விடவே கூடாத இடங்கள். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் உள்ள வெற்றிடத்தில் விடாதீர்கள். பரணில் விடாதீர்கள். குழாய் பதிக்க அலுத்துப்போய் அங்கேயே விட்டுவிட்டு, "மேலே போயிடும் சார்" என்று சொல்கிற ஆட்களைப் பார்க்கலாம். ஈரம் எங்கும் போகாது. உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பூசணம் வளர்க்கும், அவ்வளவுதான். கழிவறைக் குழாயின் மேல்நோக்கிய வென்ட் குழாயில் இணைப்பது அதைவிட மோசம். ஃபேன் நின்றதும் செப்டிக் டேங்கின் நாற்றம் அதே வழியாகப் பாத்ரூமுக்கு வரும். சமையலறைச் சிம்னிக் குழாயில் சேர்க்கலாமா என்றும் கேட்பார்கள். கூடாது.

பாதையை அளப்பது

வாய் முடிவானதும் அங்கிருந்து பின்னோக்கி பாத்ரூமுக்கு வாருங்கள். கூரைக்கு அடியில் குழாய் எந்தெந்த அறை வழியாக, எந்தப் பரண் மேல், எந்தச் சுவரைத் துளைத்து வரும் என்று ஒரு தாளில் வரையுங்கள். ஒவ்வொரு நேர்துண்டின் நீளத்தையும் ஒவ்வொரு வளைவையும் குறியுங்கள்.

வளைவுதான் இதில் பெரிய விஷயம். 90 டிகிரி எல்போ ஒன்று காற்றுக்குத் தருகிற தடை, பத்து முதல் பதினைந்தடி நேர்க்குழாய் தருகிற தடைக்குச் சமம். பன்னிரண்டடிப் பாதையில் இரண்டு எல்போ இருந்தால் அதை முப்பத்திரண்டிலிருந்து நாற்பத்திரண்டடிக் குழாயாகக் கணக்கில் எடுக்க வேண்டும். அதனால் இரண்டடி கூடுதலாகக் குழாய் போனாலும் ஒரு வளைவைக் குறைக்க முடிந்தால் குறைத்துவிடுங்கள். தவிர்க்கவே முடியாத திருப்பத்தில் ஒரு 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி பெண்டுகளைக் கொஞ்சம் இடைவெளி விட்டுப் போட்டால் காற்று சுலபமாகத் திரும்பும். ஃபேனை விட்டு வெளியே வந்ததுமே வளைக்காதீர்கள். ஓரடியாவது நேராக ஓடட்டும்.

மேலே நேராகத் தளத்தைத் துளைத்து மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்விட்டால் பாதை சின்னதாகிவிடுமே என்று தோன்றும். என்னைக் கேட்டால் அது கடைசி வழி. கான்கிரீட் தளத்தில் கம்பி அறுபடும், மேலே பதித்த தட்டோடும் நீர்க்காப்பும் உடையும், அடுத்த மழையில் அங்கே ஒழுகும். வேறு வழியே இல்லை என்றால் கட்டட எஞ்சினியர் ஒருவரை வரவழைத்து இடம் குறிக்கச் சொல்லிவிட்டுத் துளையுங்கள். பழைய வீடுகளில் தேக்கு உத்திரம் வைத்து, செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரையாக இருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம். அதில் துளையிடும் மெஷினை வைத்தால் உத்திரங்களுக்கு நடுவே ஒன்றோடொன்று பிடித்து நிற்கும் செங்கற்கள் இளகிவிடும்.

எத்தனை இன்ச் குழாய்?

இந்த வேலைக்கு நம் ஊரில் சுலபமாகக் கிடைக்கும் நல்ல பொருள் 110 மில்லிமீட்டர் பிவிசி எஸ்.டபிள்யூ.ஆர். குழாய். கழிவுநீருக்காக விற்கிறார்களே, அதேதான். கடையில் 'நாலு இன்ச்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். உட்புறம் வழுவழுப்பு, துருப்பிடிக்காது, எல்போவும் கப்ளிங்கும் எந்த ஹார்டுவேர் கடையிலும் உண்டு, பிளம்பருக்குக் கை பழகிய வேலை.

பரணில் இடம் குறைச்சல் என்று 75 மில்லிமீட்டருக்கு இறங்காதீர்கள். நாலு இன்ச் வட்டத்தின் பரப்பில் மூன்று இன்ச் வட்டம் பாதிக்குச் சற்று மேல்தான். அதே அளவு காற்றை அதில் தள்ள ஏறக்குறைய நாலு மடங்கு அழுத்தம் வேண்டும். ஃபேன் கத்தும், காற்று போகாது.

அலுமினியச் சுருள் குழாயை விற்பவர்கள் அதன் சுலபத்தைச் சொல்வார்கள்: வளைக்கலாம், ஒரே துண்டு, பசை வேண்டாம். உண்மைதான். ஆனால் உள்ளே முழுக்க மடிப்பு. மடிப்பில் தடை அதிகம், தூசும் நூலும் அங்கேயே தங்கும், தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கும். ஃபேனையும் பிவிசி குழாயையும் இணைக்க ஓரடி இரண்டடித் துண்டாகப் பயன்படுத்துங்கள். அங்கே அது அதிர்வையும் சத்தத்தையும் குறைக்கும். அதையும் முழுசாக இழுத்து நீட்டிப் பொருத்தி, மிச்சத்தை வெட்டி எறியுங்கள்.

இப்போது ஃபேன்

கணக்கு சின்னதுதான். பாத்ரூமில் உள்ள காற்று மணிக்குப் பத்து முறை மாறினால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 அடி நீளம், 5 அடி அகலம், 9 அடி உயரம் என்றால் 360 கன அடி. பத்து முறைக்கு 3,600 கன அடி, அதாவது நிமிடத்துக்கு 60 கன அடி. நம் ஊர்ப் பெட்டிகளில் பெரும்பாலும் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று போட்டிருப்பார்கள். நிமிடக் கன அடியை 1.7-ஆல் பெருக்கினால் அது வரும். 60-க்கு 102.

ஆனால் பெட்டியில் உள்ள எண் குழாயே இல்லாமல் திறந்த வெளியில் அளந்தது. பன்னிரண்டடிக் குழாயும் இரண்டு எல்போவும் மாட்டினால் அதில் கணிசமான பங்கு போய்விடும். மேலே சொன்ன பாத்ரூமுக்கு மணிக்கு 170 கன மீட்டர் அளவில் எழுதியிருக்கும் ஃபேனாகப் பாருங்கள்.

எண்ணைவிட முக்கியம் ரகம். வென்டிலேட்டரில் வைக்கிற, முன்னால் இறக்கை தெரிகிற ஒல்லியான ஃபேன் ஆக்ஸியல் ரகம். எதிரே தடை இல்லாதவரை அது நிறையக் காற்றைத் தள்ளும். குழாயை மாட்டியதும் அதே இடத்தில் காற்றைக் கலக்கிக்கொண்டு நிற்கும். ஓரிரண்டடிக் குழாய் என்றால் சமாளிக்கும், அதற்கு மேல் முடியாது. குழாய்க்குள் நடுவே பொருத்துகிற இன்லைன் ஃபேன் வேறு. அதில் மிக்ஸ்டு ஃப்ளோ என்றோ சென்ட்ரிஃபியூகல் என்றோ போட்டிருக்கும். பெட்டியில் 'பாஸ்கல்' என்று ஓர் எண் இருக்கிறதா என்று தேடுங்கள், அதுதான் தடையை எதிர்த்துத் தள்ளும் பலம். நீண்ட குழாய்க்கு அது 100-க்கு மேல் இருக்கட்டும். அந்த எண்ணையே அச்சிடாத ஃபேனைக் குழாய் வேலைக்கு வாங்குவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

இன்லைன் ஃபேனுக்கு இன்னொரு நன்மை உண்டு. அதைப் பாத்ரூமுக்கு வெளியே, பரணில் வைத்துவிட்டு பாத்ரூம் கூரையில் வெறும் கிரில் மட்டும் விடலாம். சத்தமும் குறையும், தலைக்கு மேல் கரன்ட்டும் இல்லை.

கிரில் இருக்க வேண்டிய இடம் ஷவருக்குப் பக்கம், கதவுக்கு எதிர் மூலை. கதவடியில் நுழையும் காற்று அறை முழுக்கக் கடந்து ஈரத்தையும் அள்ளிக்கொண்டு போகட்டும். கதவுக்கு மேலேயே வைத்தால் உள்ளே வந்த காற்று உடனே வெளியே போய்விடும்.

கேஸ் கீசர் இருந்தால் இங்கே நில்லுங்கள்

பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் இருக்கிறதா? இருந்தால் எக்ஸாஸ்ட் வேலையைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் கீசரை வெளியே மாற்றுங்கள். பழைய வீடுகளில் குளியலறைக்குள்ளேயே விறகோ கரியோ போட்டு எரிக்கும் தாமிர பாய்லர் இருந்தால் அதற்கும் இதுதான் விதி.

"எக்ஸாஸ்ட் போட்டுட்டா கேஸ் எல்லாம் வெளியே போயிடுமே" என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நடப்பது வேறு. எரிந்த புகை கீசரின் தலைவழியாகச் சூட்டினால் தானாக மேலே ஏற வேண்டும். மூடிய அறையில் ஃபேன் காற்றை உறிஞ்சும்போது அந்தப் புகை மேலே ஏறாமல் கீழே, குளிப்பவர் பக்கம் இழுபடும். அறையில் ஆக்ஸிஜன் குறையக் குறைய எரிவதும் அரைகுறையாகி, கார்பன் மோனாக்ஸைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி என்று தொடங்கி, கதவைத் திறக்கக்கூடத் தெம்பில்லாமல் போய்விடும். கீசரைக் கொல்லைச் சுவரிலோ திறந்த பால்கனியிலோ மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். மின்சார கீசருக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

சுவரைத் துளைப்பது

கட்டிக்கொண்டிருக்கும் வீடென்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். செங்கல் வேலை நடக்கும்போதே மேஸ்திரியிடம் சொல்லி, குறித்த இடத்தில் நாலு இன்ச் குழாய்த் துண்டு ஒன்றை வைத்துக் கட்டச் சொல்லுங்கள். செலவு ஒன்றும் இல்லை. இதை வரைபடத்திலும் குறித்துவிட்டால், பூச்சு வேலைக்கு வேறு ஆள் வந்து அடைத்துவிடுவதையும் தடுக்கலாம்.

கட்டி முடித்த வீட்டில் உளியும் சுத்தியலும் வேண்டாம். கோர் கட்டிங் மெஷின் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள். ஒன்பது இன்ச் செங்கல் சுவரில் வட்டமாக, டைல்ஸ் உடையாமல் துளை விழும். 110 மில்லிமீட்டர் குழாய்க்கு 120 மில்லிமீட்டர் அளவில் துளை போதும். தண்ணீர் விட்டுத்தான் துளைப்பார்கள். உள்பக்கம் சாக்கும் பிளாஸ்டிக் ஷீட்டும் விரித்து வைக்காவிட்டால் சேறு துடைத்து மாளாது.

எங்கே துளைக்கலாம்? சாதாரணமாக வாசல் தலைக்கு மேல், ஏழடியில், லின்டல் என்கிற கான்கிரீட் பட்டை ஓடும். கூரைத் தளத்துக்கு அடியில் பீம் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள செங்கல் பகுதிதான் உங்களுக்கு. லின்டலிலோ பீமிலோ தூணிலோ துளைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள், "சின்ன ஓட்டைதானே" என்றாலும். சுவருக்குள் கீசருக்கு ஏறும் தண்ணீர்க் குழாயும் வயர் போகும் பைப்பும் எங்கே என்பதை முன்கூட்டியே சுவிட்ச், தண்ணீர் டேப் இருக்கும் இடங்களை வைத்துக் கணித்துச் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள்.

துளை வெளிப்பக்கம் கொஞ்சம் இறங்கியபடி இருக்க வேண்டும். மெஷின்காரர் மட்டம் வைத்து நேராகத்தான் துளைப்பார், அது அவர் பழக்கம். தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

குழாயைப் பொருத்துவது

முழுப் பாதையும் வெளியே பார்த்துச் சரிய வேண்டும், ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம். மார்கழிக் காலையில் வெந்நீரில் குளிக்கும்போது ஆவி குழாய்க்குள் குளிர்ந்து துளியாகும். சாரலும் கொஞ்சம் உள்ளே வரலாம். சரிவு இருந்தால் அந்தத் தண்ணீர் வெளியே சொட்டிவிடும். இல்லாவிட்டால் ஃபேன் மோட்டாரில் வந்து நிற்கும்.

குழாயின் அகன்ற வாய், அதாவது சாக்கெட், ஃபேன் பக்கம் பார்த்து இருக்கட்டும். அப்படி வைத்தால் மேலிருந்து வரும் தண்ணீர் அடுத்த குழாய்க்குள் இறங்கும், மூட்டில் கசியாது. மூட்டுகளுக்கு சால்வென்ட் பசை போடுங்கள், ஃபேனுக்கு இருபுறமும் மட்டும் வேண்டாம். அங்கே ரப்பர் கப்ளிங்கோ, கிளாம்ப் போட்ட சுருள் துண்டோ இருந்தால்தான் நாளை ஃபேனைக் கழற்ற முடியும். ஒரு மீட்டருக்கு ஒரு கிளாம்ப் அடித்து, ஃபேனைத் தொங்கவிடும் இடத்தில் ரப்பர் வாஷர் வையுங்கள்.

பரண் வழியாகப் போகும் குழாயைச் சுவர் ஓரமாக ஒதுக்குங்கள். கொலு பொம்மைப் பெட்டியும் பித்தளை அண்டாவும் அதன் மேல்தான் வந்து உட்காரப் போகின்றன.

குளிர்நாடுகளுக்கான குறிப்புகளைப் பார்த்தால் குழாய் முழுவதற்கும் கம்பளி மாதிரிக் காப்பு சுற்றச் சொல்வார்கள். வேலூருக்கு அது தேவையில்லை. நம் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. குழாய் ஏசி படுக்கையறையின் ஃபால்ஸ் சீலிங் வழியாகப் போனால், அந்தக் குளிரில் குழாய்க்குள் இருக்கும் ஈரக்காற்று நீராகிவிடும். அந்தப் பகுதிக்கு மட்டும் ஏசி குழாய்க்குப் போடுகிற கறுப்பு நைட்ரைல் ஃபோமைச் சுற்றுங்கள்.

சந்து வழியாகச் செங்குத்தாக ஏறும் குழாயென்றால் அடியில் நேராக எல்போ வைக்காமல், மூன்று வாய் உள்ள 'T' வடிவ இணைப்பு ஒன்றை வைத்து, அதன் கீழ்வாயை மூடி, மூடியில் சின்னத் துளை போட்டுவிடுங்கள். இறங்கும் தண்ணீர் அங்கே சொட்டும், ஃபேனுக்குப் போகாது.

வெளிவாய்

கழிவுக் குழாய்த் தலையில் மாட்டும் பொடிக்கண் கவுல் இதற்கு வேண்டாம், அது காற்றை நெரிக்கும். சுவர் வாய்க்கு, காற்று தள்ளும்போது திறந்து, காற்று நின்றதும் தானாக மூடிக்கொள்ளும் பட்டைக் கதவு உள்ள லூவர் கிடைக்கிறது. மே மாத அனல்காற்றும் தூசும் கொசுவும் திரும்பி வராமல் அது பார்த்துக்கொள்ளும். மாடிக்கு மேல் ஏறிய குழாய்க்கு இரண்டு எல்போ போட்டு வாயைத் தரை பார்க்கத் திருப்பிவிடலாம், ஆனால் அந்த இரண்டையும் தடைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

கொசுவலையை வாயில் கட்டாதீர்கள். நூலும் தூசும் படிந்து சில மாதங்களில் கெட்டியாக அடைத்துவிடும். அணிலும் குருவியும் நுழையாத அளவுக்கு அரை இன்ச்சுக்குக் குறைவான கண்ணுள்ள கம்பிவலை போதும். வடகிழக்குப் பருவமழை நேரே அடிக்கிற சுவராக இருந்தால் மேலே சின்னதாக ஒரு தகர மூடி சேர்த்துக்கொள்ளுங்கள். குழாய்க்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கை உள்பக்கம் சிமென்ட் வைத்து அடைத்தாலும், வெளிப்பக்கம் சிலிகான் சீலன்ட் ஒரு சுற்று இழுங்கள். வெயிலில் பிவிசி விரிந்து சுருங்குவதால் வெறும் சிமென்ட் பூச்சில் மயிரிழை விரிசல் விழும்.

வயரிங்

இதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள், ஆனால் நான்கு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே இருக்க வேண்டும். எர்த் வயர் ஃபேன்வரை வர வேண்டும். அந்த லைன், கரன்ட் கசிந்தால் உடனே அணைத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.-யின் கீழ் இருக்க வேண்டும். ஃபேன் பாத்ரூமுக்குள்ளேயே இருந்தால் பெட்டியில் ஐ.பி.எக்ஸ்.4 குறி, அதாவது தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்ற குறி, இருக்க வேண்டும்.

ஐந்தாவதாக ஒன்று, ஆசைக்காக: டைமர் சுவிட்ச். குளித்து முடித்த பிறகும் கோடையில் பத்து நிமிடம், மழைக்காலத்தில் இருபது முப்பது நிமிடம் ஃபேன் ஓட வேண்டும். யாரும் நினைவு வைத்துக்கொண்டு அணைக்க மாட்டார்கள். கரன்ட் பில் பயம் தேவையில்லை, 25 வாட் ஃபேன் 40 மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட். ஏசி அறையோடு ஒட்டிய பாத்ரூமில்தான் கவனம் வேண்டும். நாள் முழுக்க ஓடவிட்டால் காசு கொடுத்துக் குளிர்வித்த காற்று கதவடி வழியாக வெளியே போய்க்கொண்டே இருக்கும்.

கதவடி

வெளியே போகிற அளவு காற்று உள்ளே வந்தாக வேண்டும். தரைவரை ஒட்டி நிற்கும் பிவிசி கதவைப் போட்டுவிட்டு ஃபேன் இழுக்கவில்லை என்று கடைக்காரரோடு சண்டை போடுவதில் நியாயமில்லை. கதவின் அடியில் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். 70 சென்டிமீட்டர் அகலக் கதவில் அது 140 சதுர சென்டிமீட்டர், நாலு இன்ச் குழாயின் வாய் ஏறக்குறைய 80. தாராளமாகப் போதும். இடைவெளி பிடிக்காதவர்கள் கதவின் கீழ்ப்பகுதியில் ஒரு கிரில் வைக்கலாம்.

சரிபார்ப்பது

ஆட்களுக்குக் கூலி கொடுக்கும் முன் ஃபேனைப் போட்டு, கதவைச் சாத்தி, வெளியே தரையோரம் ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை வளைந்து கதவடியில் உள்ளே போக வேண்டும். உள்ளே கிரில்லில் ஒரு டிஷ்யூ தாளை வைத்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே ஒருவரை நிறுத்தி, லூவர் பட்டைகள் நன்றாகத் திறக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இழுக்கிறது, வெளியே பட்டை அசையவில்லை என்றால் நடுவில் எங்கோ மூட்டு விட்டிருக்கிறது. ஊதுபத்தியோடு ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள்.

அடுத்து, வீட்டு ஜன்னல்களை எல்லாம் மூடிவிட்டு சமையலறைச் சிம்னியை முழு வேகத்தில் போட்டு, பாத்ரூம் ஃபேனை நிறுத்திப் பாருங்கள். சிம்னிகள் மணிக்கு 1,000 கன மீட்டர் அளவில் காற்றை இழுப்பவை. உங்கள் பட்டைக் கதவு சரியாக மூடாவிட்டால் பாத்ரூம் குழாய் வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். பட்டையில் சிமென்ட் துளி ஒட்டிக்கொண்டிருந்தால் போதும், மூடாது. சுரண்டிவிட்டால் சரியாகிவிடும்.

போகிக்கு வீடு ஒழிக்கும்போது ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறை கிரில்லைக் கழற்றிக் கழுவி, ஃபேன் இறக்கையை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். கழற்றும் முன் மெயினை அணையுங்கள். கோடை முடிவில் வெளிவாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும் நல்லது.

ஃபால்ஸ் சீலிங் மூடப்போகிறார்கள் என்றால், ஃபேனுக்கு நேர் கீழே ஒன்றரையடி சதுரத்தில் திறந்து மூடும் கதவு விடச் சொல்லுங்கள். மூடுவதற்கு முந்தைய நாள், டேப்பைச் சுவரில் பிடித்து அளவு தெரியும்படி குழாய்ப் பாதை முழுவதையும் போனில் படம் எடுத்து, ஒரு பிரதி அச்சடித்து மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்து ஏசி போட வருபவர் டிரில்லை எடுக்கும்போது அதைக் காட்டலாம்.